ஆன்டெனா: எனக்கு அரியர் வைத்த பாடத்தின் கதை



மூன்றாம் ஆண்டில் ஆன்டெனா பேப்பரில் நான் அரியர் வைத்தது எங்கள் பேட்ச் முழுக்கத் தெரியும். "இதைப் படிச்சு என்னடா ஆகப்போகுது?" என்று மெஸ்ஸில் புலம்பியவனுக்கு இன்று சோறு போடுவதே அந்த ஆன்டெனாதான்! அதன் வரலாற்றை அன்றே யாராவது சொல்லியிருந்தால் பாஸாகியிருப்பேனோ என்னவோ.

அலைக்கற்றையும் பூர்வீக நிலம் மாதிரிதான். நிலம் வளராது, பங்காளிகள் மட்டும் பெருகுவார்கள். ஆரம்பகாலக் கார் டெலிபோனில் ஊருக்கு நடுவே ஒரே உயரமான டவர். ஒருவர் பேசும் சேனலில் அந்த ஊரில் இன்னொருவர் பேச முடியாது. 1947-ல் பெல் ஆய்வகத்தின் டி.எச். ரிங் ஒரு யோசனை எழுதினார். ஊரைச் சின்னச் சின்ன 'செல்'களாகப் பிரித்து, தள்ளியிருக்கும் செல்லில் அதே அலைவரிசையை மறுபடி பயன்படுத்தலாம் என்றார். செல்போன் என்ற பெயரே அதில் வந்ததுதான். நம் நாட்டில் 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசித் தொடங்கி வைத்தார்.

பேச்சுக்கு அது போதும், வீடியோவுக்குப் போதாது. பவரைக் கூட்டலாமே என்பீர்கள். பவரை இருமடங்காக்கினாலும் வேகம் இருமடங்காகாது, கொஞ்சம்தான் ஏறும் என்பது ஷானன் 1948-லேயே போட்ட கணக்கு. போதாக்குறைக்கு, கட்டடங்களில் பட்டுப் பல வழியாக வரும் அலைகள் ஒன்றையொன்று கெடுக்கும்.

எல்லோரும் எதிரியாகப் பார்த்த அந்தப் 'பல வழி'யையே நண்பனாக்கியவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்கு சோனார் உருவாக்கியவர். பிறகு ஸ்டான்ஃபோர்டு சென்று, 1992-ல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவலை அனுப்பும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் வந்து சேர்வதால், வாங்கும் பக்கத்தில் பல ஆன்டெனாக்களை வைத்துக் கணக்கால் பிரித்துவிடலாம். இதுதான் மிமோ. வைஃபையும் 4ஜியும் இதில்தான் ஓடுகின்றன. 2014-ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

2022-ல் நம் நாட்டில் 5ஜி வந்தபோது பழைய கணக்கு மறுபடி எழுந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் கிடைக்கும் அகலம் குறைவு. கால் அலைநீளமே சுமார் 11 செ.மீ.; கையடக்க போனில் இரண்டு மூன்று ஆன்டெனாவை எங்கே வைப்பது? 3500 மெகாஹெர்ட்ஸில் அது 2 செ.மீ.தான். அகலமும் தாராளம். ஆனால் வீட்டுக்குள் நுழையத் திணறும். அதனால்தான் டவரில் ஒரே பலகையில் ஏராளமான சின்ன ஆன்டெனாக்களை அடுக்கி, அலையை ஆளைப் பார்த்துத் திருப்புகிறார்கள். நிலம் கொஞ்சம்தான், மகசூலைக் கூட்டியது ஆன்டெனா.

தம்பி தங்கைகளே, அந்தப் பேப்பரைக் கண்டு பயந்து ஓடாதீர்கள். என் வயது நண்பர்களே, "இனிமேல் புதுசா என்னத்தைப் படிக்கிறது" என்று நாம் போனில் அலுத்துக்கொள்கிறோமே, 1992-ல் பால்ராஜுக்கு வயது 48-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது!

நான்? இரண்டாவது தடவை பாஸ். 52 மார்க்.