வீட்டுப் பேச்சும் ஏட்டுப் பேச்சும்



நமது நாகல் நகரில் சௌராஷ்டிர மக்கள் வாழும் தெருக்களில் நடந்தால் திண்ணையில் ஒரு மொழி கேட்கும், கடையில் தமிழ் கேட்கும். வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என இரண்டையும் சிரமமின்றிப் பேசுகிறார்கள். இத்தாலி நாடும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஊருக்கு ஊர் வீட்டுப் பேச்சு வேறு. புளோரன்ஸ் நகரப் பேச்சிலிருந்து வளர்ந்த ஏட்டு மொழி வேறு. 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது அந்தப் பொதுமொழியைப் பேசத் தெரிந்தவர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்று ஒரு கணக்கு; பத்துப் பேர் வரை இருக்கலாம் என்பது மற்றொரு கணக்கு. பள்ளிக்கூடமும் இராணுவமும், பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும்தான் அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தன. இன்றைக்கும் நேப்பிள்ஸிலும் வெனிஸிலும் வீட்டுப் பேச்சு மறைந்துவிடவில்லை.

அந்த மண்ணிலிருந்து வந்தவர்தான் நம் வீரமாமுனிவர். 1680-இல் மாந்துவாவுக்கு அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். நாம் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனிதர் பிறந்ததும் அதே ஊர்தான். இங்கே வந்தவர், தமிழும் இரண்டாக நிற்பதைக் கண்டார். புலவர் தமிழுக்கு ஓர் இலக்கணம், மக்கள் வழங்கும் தமிழுக்கு ஓர் இலக்கணம் எனத் தனித்தனியே இலத்தீனில் எழுதினார். தேம்பாவணி பாடியவர், சந்தைப் பேச்சுக்கும் விதி உண்டு என்று உட்கார்ந்து எழுதியதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் யார்? எந்த லுத்தரன் சபையாரை அவர் மறுத்து எழுதினாரோ, அவர்களேதான்!

நம் செபத் தமிழும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்து 'இஸ்பிரீத்து சாந்து' பரிசுத்த ஆவியாகி, பிறகு தூய ஆவியானது. பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர் என்று பொருள். அதனால் நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். 1995-இல் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு பிள்ளைகளுக்கு அவர் பவுல்தான். அருளப்பர் யார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

ஒருநாள் மாலைச் செபமாலையில் வயதான தாய் ஒருவர் 'சர்வேசுரா' என்று உரக்கச் சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் அன்று பிள்ளைகளைக் கண்டிக்காமல் அந்தத் தாயைத்தான் திருத்தினோம். "எங்க ஆத்தா சொல்லிக்குடுத்தது அதுதான் சாமி" என்றார். பிறகு ஒரு வாரம் அவர் வாய் திறக்கவே இல்லை. இரவெல்லாம் மனம் உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கே போய், "செபமாலையை நீங்கள்தான் முன்நின்று சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரிந்தபடியே சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். வந்தார். சர்வேசுரனையே கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன், செபம் முடிந்ததும் அவரிடம் போய் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.