புதுச்சேரியில் சி.ஐ.டி. வேவு

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் பிரிட்டிஷ் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. அந்த ஊரில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒற்றர்கள் உலவியதற்கு இதுவே காரணம். 1908-இல் ‘இந்தியா’ வார இதழின் மீது வழக்குப் பாய்ந்ததும் பாரதியார் சென்னையிலிருந்து இங்கே வந்துவிட்டார். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயர் முஸ்லிம் வேடத்தில் வந்து சேர்ந்தார்.

அயல்மண்ணில் அடைக்கலம் புகுந்தவர்களைப் பின்தொடரும் வித்தை புதியதல்ல. ரஷ்ய ஜாரின் ரகசியப் போலீசான ஒக்ரானா 1883-இலேயே பாரிஸ் தூதரகத்தில் ஒரு கிளை வைத்து, அங்கே ஒதுங்கிய புரட்சிக்காரர்களை வேவு பார்த்தது. அவர்களோடு ஒருவராகப் பழகி, சதியைத் தானே தூண்டிவிட்டுக் காட்டிக்கொடுக்கும் ஆட்களுக்கு அது பேர்போனது. பிரிட்டிஷ் சி.ஐ.டி.யும் புதுச்சேரியில் வீடு எடுத்துத் தன் ஆட்களைத் தங்கவைத்தது. தபால் உறைகள் பிரிக்கப்பட்டன.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றபின் பிடி இறுகியது. வெளியிலிருந்து வந்து தங்குவோருக்கு ஊர்ப் பிரமுகர்கள் ஐவர் உறுதி தர வேண்டும் என்று பிரெஞ்சு அரசு அவ்வாண்டே விதித்தது. ஐவரும் அரவிந்தருக்கு எளிதில் கிடைத்தார்கள்.

பிறகு நடந்தது ஒக்ரானா பாணிதான். ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் தாள்கள். அரவிந்தரின் யோசனைப்படி அதை அவர்களே பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். மறைத்து வைத்திருந்தால் பொறி வேலை செய்திருக்கும். ஏற்கெனவே மயூரேசன் என்ற உளவாளி இவர்கள்மீது புகார் கொடுத்திருந்தான். விசாரணை நீதிபதி நாந்தோ அரவிந்தர் வீட்டைச் சோதித்தபோது கிரேக்க, லத்தீன் எழுத்துகளைக் கண்டு வியந்து, மரியாதையோடு திரும்பினார். மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்கு ஓடினான். அரவிந்தர் வீட்டிலேயே வேலைக்கு இருந்த இன்னொருவன், தான் சி.ஐ.டி. ஆள் என்று பின்னாளில் தானாக ஒப்புக்கொண்டான்.

1917-இல் ஜார் வீழ்ந்ததும் ஒக்ரானா கலைக்கப்பட்டது. அந்த வீழ்ச்சியை வாழ்த்தி ‘புதிய ருஷியா’ பாடிய பாரதியாரின் மேல் சி.ஐ.டி.யின் கண் விலகவில்லை. 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். எழுதுவதை வெளியிடுமுன் சி.ஐ.டி. அதிகாரியிடம் காட்டச் சம்மதித்தபின், டிசம்பர் 14 அன்று விடுதலையானார். ஐயர் 1920-இல் பொதுமன்னிப்போடு ஊர் திரும்பினார். அரவிந்தர் கடைசிவரை புதுச்சேரியை விட்டு வெளியேறவில்லை.