நிறம் சொன்னதும் ஆறு சொன்னதும்

இன்னைக்கு வட அமெரிக்காவில் எலி பிடிக்கிற ஒரு பெரிய பாம்போட பெயர் வரலாறு. ஆங்கிலத்தில் நம்ம ஊர் சாரையையும் அதையும் ஒரே பொதுப் பெயரில்தான் சொல்றாங்க. ஆனா இரண்டும் வேற வேற பேரினம்.

1823-ல் தாமஸ் சே என்ற இயற்கையியலாளர் இதுக்கு 'கொலுபர் அப்சொலீட்டஸ்' என்று பெயர் வைத்தார். அப்புறம் பெயர்கள் குவிய ஆரம்பிச்சுது. தென்கிழக்கில் மஞ்சள் உடம்பும் நாலு கோடுமா இருந்த பாம்புக்கு 'குவாட்ரிவிட்டாட்டா' என்று பெயர். அதுக்கு அர்த்தமே நாலு கோடுதான். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் இருந்த ஆரஞ்சுப் பாம்பு 1949-ல் ராஸ் ஆலன் பெயரைப் பெற்றது. கறுப்பு, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, டெக்சாஸ் வகை எல்லாத்தையும் ஒரே இனத்தின் துணையினங்களா அடுக்கி வச்சாங்க. நிறமே அடையாள அட்டை.

எனக்கு இதில் எப்பவும் உறுத்துற விஷயம் குட்டிகள்தான். முட்டையிலிருந்து வரும்போது கறுப்புப் பாம்போட குட்டியும் மஞ்சள் பாம்போட குட்டியும் சாம்பல் உடம்பில் கருந்திட்டுகளோடுதான் இருக்கும். வளர வளர ஒண்ணு கறுத்துப் போகும், இன்னொண்ணு கோடு வாங்கும். இரண்டும் சந்திக்கிற இடங்களில் பச்சை கலந்த மாதிரி ஒரு இடைநிறம். அட்டையை எங்கே ஒட்டுறது?

2000-ல் பர்பிரிங்க், லாசன், ஸ்லோவின்ஸ்கி மூவரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தாங்க. பரம்பரைகள் நிறத்தோடு பொருந்தவே இல்லை. மிசிசிப்பி ஆறு, அப்பலேச்சியன் மலை, அப்பலாச்சிகோலா ஆறு, இவைதான் எல்லைகள். ஒரே பரம்பரைக்குள்ளே கறுப்பும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து கிடந்தது. மறு வருஷம் பர்பிரிங்க் துணையினங்களைக் கைவிட்டு மூணு இனமாகப் பிரித்தார். அதே 2001 செப்டம்பரில், மியான்மர் களப்பயணத்தில் கட்டுவிரியன் வகைப் பாம்பு கடித்து ஸ்லோவின்ஸ்கி இறந்துபோனார். வயசு 38.

எதிர்ப்பும் வந்தது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழிக் கதையை மட்டும்தான் சொல்லும். அப்பன் எந்தக் கரையிலிருந்து நீந்தி வந்தான்னு அதுக்குத் தெரியாது. இந்தப் பாம்புகளோ நல்லா நீந்தும். பிறகு உட்கரு மரபணுக்களைப் பார்த்தப்போ பரம்பரைகள் உண்டு, ஆனா அவை சேருமிடங்களில் தாராளமான கலப்பும் உண்டு என்று தெரிந்தது. கோடுகள் இடம் மாறியதில் பெயர்களும் மாறின. 2021-ல் ஹில்லிஸும் வூஸ்டரும் கிழக்குப் பாம்புக்குப் பழைய பெயரையே தூசி தட்டி எடுத்தாங்க. எது தெரியுமா? அதே நாலு கோடு.