கருவியும் அதன் வரைபடமும்



சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை அறிந்தவர்கள் அங்குள்ள பட்டறைகளையும் அறிந்திருப்பார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் தோன்றியது. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. பிரிட்டனைச் சேர்ந்த விக்கர்ஸ் நிறுவனத்தார் வகுத்த அமைப்பைக் கொண்டு, விஜயந்தா என்னும் டாங்கி 1965-இல் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிற்று. இத்தகைய தொழில்களில் இரும்புக்கு அடுத்தபடியாக இன்றியமையாதது வரைபடமே.

பொறி ஒன்றில் பற்சக்கரம் உடைந்தால், வரைபடம் உள்ளவர் அதைப் பார்த்து இன்னொன்று கடைந்துகொள்வார். வரைபடம் இல்லாதவர் உடைந்த உறுப்பை எடுத்து, வெர்னியர் கொண்டு அளந்து, பற்களை எண்ணி, ஒன்றுக்குப் பலமுறை செய்து பார்த்துப் பொருத்துவார். வேலை முடியும்; ஆனால் காலம் மிகும், பிழையும் நேரும். மடிக்கணினியில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி, அதன் உறுப்புகளை எல்லாம் ஒழுங்காக இயங்கச் செய்யும் முயற்சியின் வரலாறும் ஏறக்குறைய இதுவேயாகும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டு மாணவர்களின் வீடுகளிலும் நடைபெற்றது, இன்றும் நடைபெறுகின்றது.

முதலில் இயக்கி என்பது யாது என்று காண்போம். மடிக்கணினி வெளியே ஒரே பெட்டியாகத் தோன்றினாலும் உள்ளே பல கருவிகளின் தொகுதியாகும். கம்பியில்லாத் தொடர்பாகிய வைஃபைக்கு ஒரு சில்லு, ஒலிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, விரல் படும் தொடுபலகைக்கு ஒன்று என, வெவ்வேறு நிறுவனத்தார் செய்த உறுப்புகள் அதில் அடங்கியுள்ளன. ஒவ்வொரு சில்லினுள்ளும் பதிவகங்கள் என்னும் சிறு அறைகள் உண்டு. எந்த அறையில் எந்த எண்ணை எந்த வரிசையில் எழுதினால் அது என்ன செய்யும் என்பது செய்தவருக்கே தெரியும். கம்பெனியார் காலத்துச் சென்னையில் வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையே துபாஷிகள் நின்று பேசினர் அல்லவா? அதுபோல், இயங்குதளத்துக்கும் சில்லுக்கும் இடையே நின்று பேசும் நிரலே இயக்கியாகும்.

ஒவ்வொரு கருவியும் தன்னை இன்னார் என்று அறிவிக்க இரண்டு எண்களை வைத்திருக்கிறது. ஒன்று செய்த நிறுவனத்தைக் குறிக்கும்; மற்றது கருவியின் வகையைக் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே என்பதை நினைவு கூர்க. கணினி விழித்தவுடன் இயங்குதளம் இவ்வெண்களைக் கேட்டறிந்து, தன் பட்டியலில் தேடி, உரிய இயக்கியை அழைக்கிறது. பட்டியலில் எண் இல்லையேல், கருவி நல்ல நிலையில் இருந்தும் ஊமையாகவே கிடக்கும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் ஓர் அச்சுப்பொறி இருக்கின்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போருக்கு உடனே செய்தி செல்லுமாறு அதற்குரிய நிரலை அவர் திருத்தி அமைத்திருந்தார். 1980-ஆம் ஆண்டளவில் சிராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அதற்குரிய மூலநிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் ஸ்டால்மன் நேரிற் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். தம் அறையில் உள்ள பொறியைத் தாமே செப்பனிட முடியாத இந்நிலை அவரை உறுத்திற்று. 1983 செப்டம்பரில் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அவர் அறிவித்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று.

1991 ஆகஸ்ட் 25-ஆம் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகர மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். தம்மிடம் இருப்பது ஒருவகை வன்தட்டு மட்டுமே ஆதலின், வேறெதற்கும் அது என்றுமே பயன்படாமற் போகலாம் என்று அவ்வறிவிப்பிலேயே அவர் குறித்திருந்தார். இயக்கிகளின் இன்மை லினக்சுக்குப் பிறவியிலேயே வந்த குறை என்று இதனால் அறிகிறோம். இன்று அதன் கருநிரலில் உள்ள வரிகளுள் பாதிக்கு மேற்பட்டவை இயக்கிகளே. அக்குறை நீங்கியது எவ்வாறு?

நிறுவனத்தார் சிலர் மனமுவந்து வரைபடத்தைத் தந்தனர். வேறு சிலர் தர மறுத்தனர். மறுத்த இடங்களில் அளந்து செய்ய வேண்டியதாயிற்று. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிராட்காம் நிறுவனத்தின் வைஃபைச் சில்லு. 2000-களில் பல மடிக்கணினிகளில் இது இடம்பெற்றிருந்தது. லினக்சில் இதற்கு இயக்கி இல்லை. சிலர் விண்டோசுக்கென எழுதப்பட்ட இயக்கியையே ஓர் உறையில் இட்டு லினக்சில் ஓட்டினர். இது பிறர் வீட்டுச் சாவியைத் தேய்த்து நம் பூட்டில் நுழைப்பது போன்றது. வேறு சிலர் அரிய உழைப்பை மேற்கொண்டனர். அவர்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் மூடிய இயக்கியை ஆராய்ந்து, சில்லு நடந்துகொள்ளும் முறையைக் குறிப்பாக எழுதினர். மற்றொரு பிரிவினர் மூலத்தைக் கண்ணாலும் பாராமல், அக்குறிப்பை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதினர். பிறருடைய எழுத்தைத் திருடினர் என்ற பழி வாராதிருக்கவே இந்த ஏற்பாடு. அவ்வியக்கி 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 என்னும் கருநிரலில் சேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 செப்டம்பரில், பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குரிய திறந்த இயக்கியை வெளியிட்டது.

திரைக்குரிய சில்லுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏஎம்டி நிறுவனம் 2007-இல் தன் குறிப்பேடுகளைத் திறந்துவிட முன்வந்தது. என்விடியா நிறுவனத்தின் சில்லுகளுக்கு ஆர்வலர்கள் அளந்தறிந்து எழுதிய நூவோ என்னும் இயக்கி 2010-இல் கருநிரலில் இடம்பெற்றது. அந்நிறுவனம் தன் இயக்கியின் கருநிரற் பகுதியைத் திறந்தது 2022 மே மாதத்தில்தான்.

மேசைக் கணினியைவிட மடிக்கணினியில் இடர்ப்பாடு மிகுதி. மூடியவுடன் உறங்குதல், திறந்தவுடன் விழித்தல், மின்கலத்தின் அளவைக் காட்டுதல், விசிறியை அடக்குதல் முதலியன ஒவ்வொரு மாதிரியிலும் வேறுபடும். இவற்றை ஒழுங்கு செய்ய இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-இல் ஒரு பொதுமுறையை வகுத்தன. அம்முறைப்படி, கணினியின் அடிப்படை நிரல் தன்னை இயக்க வந்திருப்பது எந்த இயங்குதளம் என்று வினவலாம். லினக்ஸ் அதற்கு விண்டோஸ் என்றே விடை கூறுகிறது! உண்மைப் பெயரைச் சொன்னால், எவரும் சோதித்துப் பாராத வழியில் பொறி சென்று தடுமாறும் என்பதே இதற்குக் காரணம். செய்தவர் எந்த விருந்தினருக்காக வீட்டைக் கட்டினாரோ, அவர் பெயரைச் சொல்லியே மற்றவர் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். சீடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் தொடங்கின. அதன் பயனாக 2007 ஜனவரியில் பாஸ் என்னும் இந்திய இயங்குதளம் வெளிவந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடியொற்றியது இது. தமிழ் முதலான இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்கது. அதே காலத்தில், தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட் நிறுவனமும் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றும் முயற்சியில் இறங்கியது. அரசுக்கு வாங்கும் வன்பொருளின் இயக்கிகள் ஒரே இயங்குதளத்தைச் சார்ந்திருத்தல் ஆகாது என்னும் நோக்கத்துடன், 2010-ஆம் ஆண்டளவில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை ஒரு வரைவுக் கொள்கையும் வகுத்தது. நோயின் மூலம் எங்குள்ளது என்பதை அத்துறை நன்கு உணர்ந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணாவின் பிறந்த நாளன்று, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்க விழா நடந்த காக்களூர் திருவள்ளூரை அடுத்தது. ஆவடியிலிருந்து அதே இரயில் பாதையில் மேற்கே சென்றால் அடையலாம். முதலாண்டிலேயே 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை வாங்கத் திட்டமிடப்பட்டது. பின்னர் வந்த ஆண்டுகளில் மொத்தம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பெற்றன. பிற்காலத்தில் வந்த தொகுதிகள் பலவற்றில் விண்டோசும் பாசும் அருகருகே அமைந்திருந்தன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், கணினியையே முதன்முறையாகக் கண்ட எத்துணையோ வீடுகளுக்கு இத்திட்டத்தால் அது வந்து சேர்ந்தது.

இரண்டு இயங்குதளங்கள் இருந்தும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றையே திறந்தனர். மற்றதைச் சொல்லித்தரப் பள்ளியில் ஆளில்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2000-களின் பிற்பகுதியில் பள்ளிக் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, ஆசிரியர்களுக்கு விரிவான பயிற்சி அளிக்கப்பட்டது. வைஃபை இயங்கவில்லை என்று ஒரு மாணவன் வந்து நின்றால், அதைக் கேட்டுப் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். கருவியைக் கொடுத்தால் மட்டும் கல்வி நிறைவெய்தாது என்பதை ஆசிரியர் தொழிலில் இருந்தவர் அனைவரும் அறிவர்.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 7 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடும் முடிவுற்றன. அடுத்த பதிப்பாகிய 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. பள்ளியில் பெற்ற மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரியில் உறங்குகின்றன. பொறி கெடவில்லை, விசைப்பலகையும் திரையும் நன்றாகவே உள்ளன. தம்பி தங்கைகள் படிக்க அவை இன்னும் பயன்படும். அவற்றை மீட்கும் எளிய வழி லினக்சே. அவ்வழியில் நிற்கும் ஒரே கதவு இயக்கியாகும்.

அக்கதவும் இப்போது முன்னைவிட எளிதாகத் திறக்கிறது. சில்லினுள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் மூடிய நிரல்களை, கொள்கை காரணமாக டெபியன் குழுவினர் 2011 பிப்ரவரியில் தம் கருநிரலிலிருந்து விலக்கியிருந்தனர். இதனால் பல மடிக்கணினிகளில், நிறுவும் வேளையிலேயே வைஃபை இயங்காமற் போயிற்று. இயங்கச் செய்யும் கோப்பைப் பெற இணையம் வேண்டும், இணையம் பெற அக்கோப்பு வேண்டும் என்ற நிலை வந்தது. 2022-இல் அக்குழுவினர் வாக்கெடுப்பு நடத்தி, நிறுவும் வட்டிலேயே அவற்றைச் சேர்க்க முடிவு செய்தனர். 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த 12-ஆம் பதிப்பு முதல் அம்முறை நடைமுறையில் உள்ளது. கொள்கையில் சிறிது தளர்ந்தது சரியா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும், ஏழை மாணவன் ஒருவனின் கணினி இயங்குவதும் ஒரு கொள்கையே ஆகும் அல்லவா?

ஆதலின் நேயர்களுக்குச் சொல்லத்தக்கவை இரண்டு. வீட்டில் பழைய மடிக்கணினி உள்ளவர்கள், அதிலுள்ள படங்களையும் பாடங்களையும் முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்துக. பின்னர் லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவைச் செருகி, வன்தட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, தொடுபலகை, மூடித் திறந்தால் விழித்தல் ஆகிய நான்கையும் சோதித்து, இயங்காதது எதுவோ அதன் இரு எண்களையும் குறித்துக்கொள்க. அவ்வெண்களைச் சொன்னால் உதவுவோர் உலகெங்கும் உள்ளனர். இரண்டாவது, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கணினி வாங்குவோர்க்கு உரியது. விலையையும் வேகத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுவது போலவே, திறந்த இயக்கிகள் உள்ள உறுப்புகளையே தருதல் வேண்டும் என்று ஒரு வரி எழுதுக. அந்த ஒரு வரி இல்லாமையால், செய்தவர் கைவிட்ட நாளிலேயே நல்ல பொறி குப்பையாகிறது.

வரைபடம் கையில் இருந்தால் அம்பத்தூர்ப் பட்டறையில் ஐம்பது ஆண்டுப் பொறியும் ஓடும். மடிக்கணினிக்கும் நீதி அதுவே.