ஆகாய மார்க்கத்தின் காலக்கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர் பாலுசெட்டி சத்திரத்தருகே சற்று ஒதுங்கினால், திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்புட்குழியைக் காணலாம். இராவணனால் சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் அந்திமக் கிரியை செய்த க்ஷேத்திரம் என்று ஸ்தலபுராணம் கூறும் இவ்வூரில், விஜயராகவப் பெருமாளின் ஆலயத்தைச் சார்ந்து அப்பறவையரசனுக்கும் ஒரு சந்நிதி உண்டு.

ஜடாயுவின் தமையனான சம்பாதி, இலங்கை நூறு யோசனைக்கு அப்பால் இருப்பதை அறிவித்தபின், வானர வீரர்கள் தத்தம் சக்தியைக் கணக்கிடும் கட்டம் வால்மீகியில் வருகிறது. பத்து யோசனை என்கிறான் ஒருவன், இருபது என்கிறான் மற்றொருவன். அங்கதனோ, நூறும் தாண்டிவிடுவேன், மீள்வதுதான் சந்தேகம் என்கிறான். விமானத்தின் முதல் தலைமுறைக்கு ஏறக்குறைய அங்கதனின் அவஸ்தைதான்: பறக்கும் வேகம் இருந்தது, இடையில் இறங்காமல் நெடுந்தூரம் போகும் வலிமை இல்லை.

1929 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கிய லண்டன்–கராச்சி மார்க்கத்தில் பிரயாணம் ஏழு நாட்கள் பிடித்தது; ஆகாய மார்க்கம் என்று பெயரே தவிர, பேஸலிலிருந்து ஜெனோவா வரை ரயிலில்தான் போகவேண்டும். கராச்சியில் இறங்கிய தபாலை நம் சென்னைக்குக் கொண்டுவரும் பொறுப்பை டாடா நிறுவனம் ஏற்க, 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தைத் தாமே ஓட்டி அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். மணிக்கு நூறு மைல் பறக்கும் அந்த யந்திரத்துக்கு அகமதாபாதில் பெட்ரோல் வந்தது தகர டின்களில், மாட்டுவண்டியில்! பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் தபாலை ஏற்றுப் பல்லாரி வரை பறந்து, ரேடியோவோ வழிகாட்டும் சாதனங்களோ இல்லாத காலமாதலால் இரவு அங்கே தங்கி, மறுநாள் சென்னை வந்தடைந்தார். பம்பாயில் அவர்கள் இறங்கிய ஜூஹு மைதானம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும் என்பதால், அம்மாதங்களில் பூனாவையே நாட நேர்ந்தது. ஆக, பிரயாண காலத்தை நிர்ணயித்தது விமானத்தின் வேகம் மட்டுமல்ல. இருட்டும் மழையும் மாட்டின் நடையும் சேர்ந்தேதான்.

1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்', கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, ஜூன் 10 அன்று லண்டனை அடைந்தது. பிறகு ஜெட் விமானம் வந்தது; மிகுதிக் கதை யாவரும் அறிந்ததே. சென்னைக்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட சுமார் 8,200 கிலோமீட்டரை இன்று எங்கும் இறங்காமல் பத்துப் பதினோரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். உயரத்தில் வீசும் மேல்காற்று எதிர்ப்பதால், போகும்போது வரும்போதைவிடச் சிறிது தாமதம்.

வானத்தில் மிச்சமான நேரத்தைத் தரையில் செலவிடுகிறோம். புட்குழிவாசி ஒருவர் மீனம்பாக்கம் போக ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் செல்லவேண்டும். சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்கு 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பரந்தூரோ காஞ்சிக்கு அருகிலேயே இருக்கிறது. நிலத்தை இழக்க ஏகனாபுரத்து மக்கள் இசையாமல் போராடிவரும் அத்திட்டம் நிறைவேறினால், புட்குழிக்காரரின் தரைப்பயணம் குறுகும். அந்த நீண்ட தரைப்பயணம் மயிலாப்பூர்க்காரரின் பங்குக்குப் போய்விடும்.