ஒற்றைப்படை எண்காரர்கள்

நோயாளர் பாதுகாப்பு, சிகிச்சைத் தர மேம்பாடு என்று இப்போது முதுகலைப் படிப்பே இருக்கிறது. அந்தப் பேச்சு வந்தாலே எனக்கு 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நடந்ததுதான் நினைவுக்கு வரும். அதில் நம்ம புழுங்கல் அரிசிக்கும் பங்கு உண்டு.

அன்றைய மலாயாவில் பெரிபெரி பெரிய கொள்ளை. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். ஈயச் சுரங்கச் சீனர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. (மலேரியா அவர்களை விட்டுவைக்கவில்லை, அது வேறு கதை.) நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இரண்டு பேரின் சோற்றையும் ஒப்பிட்டார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று அவர் நினைத்தார். அது தப்பு. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. காரணம் தப்பானாலும் அவர் சொன்ன மாற்று சரிதான்.

வில்லியம் பிளெட்சர் இதை மனநல மருத்துவமனையில் சோதித்தார். சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பழைய சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றே. நோய் கட்டடத்திலிருந்து தொற்றுகிறதோ என்ற சந்தேகத்துக்காக நடுவில் இரண்டு கூட்டத்தின் வார்டுகளையும் மாற்றிப்போட்டார். நோய் கட்டடத்தோடு நிற்காமல் அரிசியோடு போனது. நான் பொறியாளன், ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைக்கிற இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் ஒற்றைப்படைக் கூட்டத்தில் 18 பேர் செத்தார்கள். இரட்டைப்படையில் பெரிபெரியால் ஒருத்தரும் சாகவில்லை. வரிசையில் ஒரு ஆள் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருக்கலாம். சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்து வார்டில் எல்லாரும் நன்றாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அரிசியை மாற்றாமல் எப்படி இருந்தார்கள்? காலத்தின் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

பிறகு பிரேசரும் ஸ்டான்டனும் டுரியான் டிப்புஸ் காட்டில் ரோடு போட்ட 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டைச் செய்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியதும் அந்த அரிசியை நிறுத்திப் புழுங்கல் கொடுத்தார்கள், நோய் அடங்கியது. கணக்கும் கெடவில்லை. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்கள், தீட்டிய அரிசியையே பிரதான உணவாகத் தொடர்ந்து தின்பதோடு பெரிபெரிக்குத் தொடர்புண்டு என்று தீர்மானம் போட்டு அரசாங்கங்களுக்குத் தெரிவித்தார்கள்.

எங்கள் சுங்கை பினாங்கில் புழுங்கல் அரிசியை வயசானவர்கள் சாப்பாடு என்று ஒதுக்குகிற பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதலில் கேட்கிறது, அந்தப் பதினெட்டுப் பேர் யார் என்றுதான்.