காணிக் காசில் ஓடிய கோச்சி

கோச்சி ஓடுறது லாபமா நட்டமா என்று கேட்டால் நாங்கள் உடனே டிக்கெட் காசைத்தான் எண்ணுவோம். புகையிரதத் திணைக்களம் நட்டத்தில் ஓடுது என்ற செய்தியை வருசா வருசம் வாசித்து வளர்ந்த ஆட்கள் அல்லவா! அது பாதிக் கணக்குத்தான் என்று நூறு வருசத்துக்கு முதலே ஜப்பானில் ஒருவர் காட்டிவிட்டார்.

அவர் பெயர் கொபயாஷி இச்சிசோ. மிட்சுயி வங்கியில் வேலை பார்த்தவர். 1907இல் ஒசாகாவில் ஒரு மின்சார ரயில் கம்பனியைத் தொடங்குவதில் முன்னுக்கு நின்றார். இன்றைய ஹான்கியூ கம்பனியின் ஆரம்பம் அதுதான். 1910இல் உமெதாவிலிருந்து தக்கராசுக்கா வரை பாதை திறந்தது. ஆனால் வழி முழுக்க வயலும் மலையடிவாரமும்தான், சனம் குறைவு. ஏற ஆளில்லாத பாதையில் டிக்கெட் விற்றுப் பிழைக்க ஏலாது. ஆகவே கொபயாஷி பாதையோரக் காணிகளை மலிவாக இருக்கும்போதே வாங்கிப் போட்டார். இக்கேதாவில் வீடுகளைக் கட்டி, மாதச் சம்பளக்காரருக்குப் பத்து வருடத் தவணையில் விற்றார். ரயில் வந்ததால் காணி விலை ஏறியது. அந்த ஏற்றம் ரயில் கம்பனியின் பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவருடைய அடுத்த யோசனை. காலையில் எல்லாரும் நகரத்துக்குப் போனால் திரும்பி வரும் பெட்டி வெறுமை. வெறும் பெட்டிக்கும் மின்சாரச் செலவு உண்டு. அதனால் பாதையின் மற்ற அந்தத்தில், தக்கராசுக்காவில், வெந்நீர்க் குளிப்பிடம் வைத்தார். அங்கே கட்டிய நீச்சல் தடாகம் சரிவரவில்லை. அதையே அரங்காக மாற்றி 1914இல் பெண்களின் நாடகக் குழுவை மேடையேற்றினார். அது இன்றைக்கும் நடக்கிறது. 1929இல் உமெதா நிலையத்தோடு பெரிய பல்பொருள் அங்காடி. அதே வருசம் ஒரு பல்கலைக்கழகமும் கோபேயிலிருந்து இந்தக் கம்பனியின் பாதையோரத்துக்கு மாறியது. மாணவர்கள் எதிர்த்திசையில் பயணம் செய்தார்கள்.

ஹொங்கொங் இதை அரச கொள்கையாகவே எடுத்தது. அங்கே 1979இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவுக்கு நிலையங்களின் மேலும் பக்கத்திலும் கட்டும் உரிமையை அரசு கொடுக்கிறது. ரயில் வருமுன் இருந்த பெறுமதிக்குத்தான் கம்பனி காசு கட்டும். ரயில் வந்த பிறகு ஏறிய பெறுமதி மெட்ரோவுக்கு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த அளவுகோலில் காணி விலை ஏறுறது வெற்றி. வாடகைக்கு இருக்கிறவருக்கு அதே ஏற்றம் பெட்டி கட்டச் சொல்லும் அறிவித்தல். கம்பனியின் ஐந்தொகையில் அவர் இல்லை. பொருளாதார நிலைபேறு என்று பேசும் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது அவரைத்தான்.

எங்கள் கதைக்கு வருவோம். மாலபேயிலிருந்து கொழும்பு கோட்டைக்கு 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019இல் ஜப்பான் 0.1 சதவீத வட்டிக்குக் கடன் தர ஒப்பந்தமானது. 2020இல், செலவு கூட என்று சொல்லி அரசு திட்டத்தை ரத்துச் செய்தது. எவ்வளவு செலவு என்பது எல்லாருக்கும் வாய்ப்பாடம். மாலபேயில் காணி வைத்திருக்கிறவருக்கு எவ்வளவு ஏறியிருக்கும், அதில் எவ்வளவை வரியாகத் திருப்பி எடுத்து ரயிலுக்கே போட்டிருக்கலாம், தலாஹேனவில் அறை எடுத்துப் படிக்கிற பெடியன் வாடகை கூடினால் எங்கே போயிருப்பான்? இந்த மூன்றையும் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ரத்துச் செய்தது சரியா பிழையா என்றாவது ஒழுங்காகச் சண்டை பிடித்திருக்கலாம்.